பெயர் சொல்லக் கூடாத மனிதர்

உங்கள் வீட்டில் எழுபத்தைந்து வயதைக் கடந்த உம்மம்மாவோ மூத்தவாப்பாவோ இருந்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 1961ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யூரி ககாரின் இலங்கைக்கு வந்தது அவர்களில் சிலருக்காவது நினைவிருக்கும். விண்வெளிக்குச் சென்று உயிரோடு திரும்பிய முதல் மனிதர் அவர். அந்த ஒரே ஆண்டில் நாடு நாடாகப் போனார். போன இடமெல்லாம் மாலையும் மரியாதையும்தான். அந்தச் சிரித்த முகம் உலகத்துப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது.

அவரை வானத்துக்கு அனுப்பியவர் யார், அந்த ரொக்கட்டைக் கட்டியவர் யார் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் ககாரினால் பதில் சொல்லியிருக்க முடியாது. அவருக்குத் தெரியாமலில்லை. சொல்ல அனுமதி இல்லை. சோவியத் பத்திரிகைகளில் "தலைமை வடிவமைப்பாளர்" என்று மட்டும் எழுதுவார்கள். படம் வராது, பெயர் வராது, எந்த ஊர்க்காரர் என்பதும் வராது.

அந்த மனிதரின் பெயர் சேர்கெய் பாவ்லோவிச் கொரோல்யோவ். உலகம் அந்தப் பெயரை அறிந்தது 1966 ஜனவரியில், அவர் மரணித்த பிறகுதான். ஆனால் அதற்கு 28 வருடங்களுக்கு முன்னரே ஒரு பெண் அந்தப் பெயரைக் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் கொரோல்யோவின் தாய். சகோதரிகளே, ரொக்கட் கதை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தத் தாய் எழுதாமல் இருந்திருந்தால் இந்த ரொக்கட் கதையே இல்லை.

தாயும் மகனும்

கொரோல்யோவ் 1907 ஜனவரி 12ஆம் திகதி உக்ரைனிலுள்ள ஷித்தோமிர் நகரில் பிறந்தார். தந்தை பாவெல் இலக்கிய ஆசிரியர். தாய் மரியா நிக்கோலாயெவ்னா. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது இருவரும் பிரிந்தார்கள். மரியா மேற்படிப்புக்காகக் கியேவ் நகருக்குப் போனார். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண் திரும்பப் படிக்கப் போவதென்பது சாதாரண விடயமல்ல. சிறுவன் நேஷின் என்ற சிற்றூரில் பாட்டன் பாட்டியோடு வளர்ந்தான். விளையாடக் கூட்டாளிகள் இல்லாத, பெரியவர்களுக்கு நடுவில் தனித்துப்போன பிள்ளை.

உன் தந்தை இறந்துவிட்டார் என்று தாய் அவனிடம் சொல்லி வைத்திருந்தார். அது உண்மையல்ல. பாவெல் 1929 வரை உயிரோடு இருந்தார். பிரிந்த குடும்பங்களில் பெரியவர்கள் தங்கள் வேதனையை மறைக்க இப்படிச் சொல்வதுண்டு. சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தாயைக் குறை கூறவும் மனம் வரவில்லை.

1911இல் நேஷினில் ஒரு விமானம் பறந்து காட்டப்பட்டது. பாட்டனின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்த பிள்ளைதான் பின்னர் உலகத்தின் முதலாவது செய்மதியை அனுப்பினான். தாய் மறுமணம் செய்தபின் குடும்பம் ஒடெஸா துறைமுக நகரில் குடியேறியது. மாற்றுத் தந்தை பாலானின் ஒரு பொறியியலாளர், நல்ல மனிதர். ஒடெஸாவில் கடல் விமானங்களைச் சுற்றிச் சுற்றி வந்த பையன், பதினேழு வயதில் தானே ஒரு இயந்திரமில்லா விமானத்தை வரைந்தான். கியேவிலும் பின்னர் மொஸ்கோவிலும் படித்து 1929இல் பொறியியலாளராக வெளியே வந்தார்.

ரொக்கட் ஆசை அதற்குப் பிறகு பிடித்தது. 1931இல் மொஸ்கோவில் சில இளைஞர்கள் சேர்ந்து ரொக்கட் ஆய்வுக் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒரு கட்டடத்தின் நிலவறைதான் அவர்களுடைய வேலைத்தலம். காசு கிடையாது. 1933 ஆகஸ்டில் அவர்களுடைய முதல் ரொக்கட் சுமார் 400 மீற்றர் உயரத்துக்குப் போய் விழுந்தது. நாணூறு மீற்றர்தானா என்று நாம் சிரிக்கலாம். அவர்கள் அன்று ஆளை ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கொரோல்யோவ் 1931இல் தன் இளமைக்காலத் தோழி க்ஸேனியா வின்சென்டினியை மணமுடித்தார். அவர் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். 1935இல் நத்தாஷா என்ற மகள் பிறந்தாள்.

நள்ளிரவில் வந்தவர்கள்

ஸ்டாலின் ஆட்சியில் மக்கள் இரவில் படுக்கப் பயந்த காலம் அது. கொரோல்யோவ் வேலை செய்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர்கள் இருவர் 1938 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இயந்திரம் அமைக்கும் நிபுணர் குளுஷ்கோ மார்ச் மாதம் கைதானார். ஜூன் 27ஆம் திகதி இரவு கொரோல்யோவின் வீட்டுக்கும் வந்தார்கள். நாசவேலை செய்தார், அரசுக்கு எதிரான இரகசியக் குழுவில் சேர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. முன்னர் கைதானவர்களை அடித்து வாங்கிய வாக்குமூலங்கள்தான் சாட்சி. அவரையும் அடித்தார்கள். அவரும் கையெழுத்து வைத்தார். பின்னர் நீதிமன்றத்தில் அதை மறுத்தும் பயனில்லை. செப்டம்பரில் 10 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. நத்தாஷாவுக்கு மூன்று வயது.

அந்த நாட்களில் ஒரு வீட்டில் கைது நடந்தால் அயலவர்கள் அந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டார்கள். கைதானவரின் மனைவி விவாகரத்துச் செய்துகொண்டால் தப்பலாம். செய்யாவிட்டால் வேலை போகலாம், அவரும் கைதாகலாம். க்ஸேனியா வைத்தியசாலைக்கு வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தார். கணவரைக் கைவிடவில்லை.

மாமியார் மரியா எழுதத் தொடங்கினார். ஸ்டாலினுக்கு எழுதினார். இரகசியப் பொலிஸின் தலைவருக்கு எழுதினார். அவர் பதவி போய் அடுத்தவர் வந்ததும் அவருக்கும் எழுதினார். வழக்குத் தொடுநர் நாயகத்துக்கு எழுதினார். பதில் வராத கடிதத்துக்குப் பின்னால் இன்னொரு கடிதம் போனது. சிறைச்சாலை வாசலில் வரிசையில் நின்றார். ஒவ்வொரு மனுவும் அவரையே ஆபத்தில் தள்ளக்கூடியது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பின்னர் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மகன் விமானத் துறையைச் சேர்ந்தவன்; ஆகவே விமானிகளிடம் போகலாம். அப்போது நாடே கொண்டாடிய விமானி ஒருவர் மிக்காயில் குரோமோவ். மற்றவர் ஒரு பெண், வலன்டீனா கிரிஸொதூபொவா. 1938இல் இரண்டு தோழியரோடு மொஸ்கோவிலிருந்து தூர கிழக்குவரை இடையில் இறங்காமல் பறந்து சாதனை செய்தவர். சோவியத் யூனியனின் வீராங்கனை என்ற பட்டத்தைப் பெற்ற முதல் பெண்கள் அந்த மூவரும்தான். புகழின் உச்சியில் இருந்த ஒருவருக்கு, மக்களின் எதிரி என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவனுடைய தாயைச் சந்திப்பதால் எந்த நன்மையும் இல்லை. தீமைதான் வரும். எனினும் குரோமோவ், கிரிஸொதூபொவா இருவருமே அந்தத் தாய்க்காகப் பேசினார்கள். 1939 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை இரத்துச் செய்து, வழக்கைத் திரும்ப விசாரிக்கும்படி உத்தரவிட்டது.

தாய்க்கு இது வெற்றிதான். மகனுக்கோ அது தெரியாது. அவர் ஏற்கெனவே சைபீரியாவுக்கும் அப்பால், கொலிமாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டார்.

ஒரு இறாத்தல் பாண்

கொலிமா என்பது குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகைக்கும் இறங்கும் பிரதேசம். அங்கே மால்தியாக் என்ற தங்கச் சுரங்கத்தில் கைதிகள் மண்ணை வெட்டி வண்டியில் தள்ளினார்கள். பலர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. கொரோல்யோவ் அங்கே இருந்தது சில மாதங்கள்தான். அதற்குள் முரசு வீங்கிப் பற்கள் விழுந்தன. மரக்கறியும் பழமும் கிடைக்காதவர்களுக்கு வரும் ஸ்கேர்வி நோய். முகாமில் வைத்தியம் பார்த்த ஒரு பெண் தன் வீட்டிலிருந்து பச்சை உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து, சாறு பிழிந்து கைதிகளின் முரசில் தடவினாராம். அவருடைய அதிகாரிகள் கொடுக்கச் சொன்ன மருந்தல்ல அது. முன்னர் மொஸ்கோவில் விமானத் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்து கைதியாக வந்த உசாச்சேவ் என்பவர், எழும்ப முடியாமல் கூடாரத்தில் கிடந்த கொரோல்யோவை அடையாளம் கண்டு அவருக்கு உணவு கிடைக்க வழி செய்தார் என்றும் சொல்வார்கள்.

வருட இறுதியில் மொஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவு வந்தது. துறைமுக ஊரான மகதானுக்கு ஒரு லொறியில் ஏறினார். வாடகைக்குப் பதில் தன் மேலங்கியைக் கொடுத்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். மகதானில் இறங்கியபோது கடைசிக் கப்பல் போய்விட்டது. இரவு, கடும் குளிர், வயிற்றில் ஒன்றுமில்லை. வழியிலிருந்த கிணற்றடியில் தண்ணீர் குடிக்கப் போனார். அங்கே ஒரு இறாத்தல் பாண் கிடந்தது. யார் வைத்தார்கள், யார் தவறவிட்டார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அதைச் சாப்பிட்டு அந்த இரவைக் கடந்தார். இந்தக் கதையை அவர் பல வருடங்கள் யாருக்கும் சொல்லவில்லை. தம் வாழ்வின் இறுதி நாட்களில் ஒரு விருந்து முடிந்து எல்லோரும் போனபின், ககாரினையும் லியோனோவையும் மட்டும் இருத்தி வைத்துச் சொன்னார். வானத்துக்குப் போய்வந்த அந்த இருவரும் தங்கள் தலைவர் சிறைக் கைதியாக இருந்தவர் என்பதை அவருடைய வாயால் கேட்டது அன்றுதான்.

அவர் தவறவிட்டதாகச் சொல்லப்படும் கப்பலின் பெயர் இந்திகிர்க்கா. 1939 டிசம்பரில் அது ஜப்பான் கரையருகே புயலில் சிக்கி மூழ்கியது. 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1940இல் மொஸ்கோவில் மீண்டும் விசாரித்து, 10 வருடத்தை 8 வருடமாக்கினார்கள். விடுதலை இல்லை. ஆனால் சுரங்கத்துக்கும் அனுப்பவில்லை. புகழ்பெற்ற விமான வடிவமைப்பாளர் துப்பொலெவும் அப்போது கைதிதான். அவருடைய தலைமையில் கைதிகளைக் கொண்டே விமானம் வரையவைத்த ஒரு விசேட சிறை இருந்தது. கொரோல்யோவை அங்கே சேர்த்தார்கள். படுக்க மெத்தை, சாப்பிட உணவு, முன்னால் வரைபலகை, ஜன்னலில் கம்பி.

ஒரு நாள் க்ஸேனியா பிள்ளையை அழைத்துக்கொண்டு கணவரைப் பார்க்கச் சிறைக்குப் போனார். உன் தந்தை ஒரு விமானி, தூரத்தில் வேலை செய்கிறார், விமானத்தில் வருவார் என்றுதான் நத்தாஷாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளை சிறைச்சாலையின் சின்ன முற்றத்தைப் பார்த்தது. இவ்வளவு சிறிய முற்றத்தில் உங்கள் விமானத்தை எப்படி இறக்கினீர்கள் என்று தந்தையிடம் கேட்டது. தந்தை வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற காவலாளி பதில் சொன்னான்: இங்கே இறங்குவது இலேசு பிள்ளை, இங்கிருந்து கிளம்புவதுதான் கஷ்டம். வளர்ந்து தாயைப் போலவே வைத்தியரான நத்தாஷா, தன் தந்தையைப் பற்றி எழுதிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1944இல் விடுதலை கிடைத்தது. வயது 37.

கடிதம் எழுதியவர்களுக்கு என்ன ஆனது?

இந்த இடத்தை அவருடைய வரலாற்றை எழுதும் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். நாம் கொஞ்சம் நிற்போம். கைதாகிய ஆறு வருடமும் கைவிடாமல் இருந்த க்ஸேனியாவோடு அவர் தொடர்ந்து வாழவில்லை. புதிய ரொக்கட் நிலையத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பாளராக இருந்த நீனா என்பவர்மீது மனம் சென்றது. 1940களின் இறுதியில் பழைய திருமணம் முறிந்து, நீனாவை மணந்தார். மகளுக்கும் தந்தைக்கும் இடையில் நெடுங்காலம் கசப்பு இருந்தது. நீனா அவருடைய கடைசி நாள்வரை அன்போடு கவனித்தார், அதையும் மறுக்கக் கூடாது. சிறையும் பிரிவும் ஒரு குடும்பத்தை உள்ளுக்குள் எப்படி உடைக்கும் என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனாலும் அவருடைய சாதனைகளை எண்ணும்போதெல்லாம் க்ஸேனியாவின் ஆறு வருடங்களையும் சேர்த்து எண்ணத்தான் எனக்குத் தோன்றுகிறது.

யுத்தம் முடிந்ததும் அவரை ஜேர்மனிக்கு அனுப்பினார்கள், ஜேர்மனியரின் வீ-2 ஏவுகணையைப் படிப்பதற்கு. திரும்பி வந்து மொஸ்கோவுக்கு அருகே போத்லிப்க்கி என்ற இடத்தில் வேலையைத் தொடங்கினார். அரசுக்கு வேண்டியிருந்தது அணுகுண்டைச் சுமந்து அமெரிக்காவரை போகும் ஏவுகணை. அதைத்தான் அவரும் செய்து கொடுத்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆர்-7 என்ற அந்த ரொக்கட்டின் அடியில் ஐந்து இயந்திரத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு எரியறைகள். மொத்தம் 20 வாய்களும் ஒரே நேரத்தில் பற்றவேண்டும். எரிபொருள் மண்ணெண்ணெய், அதை எரிக்கத் திரவமாக்கிய ஒக்சிசன். நம் உம்மம்மாமார் குப்பி விளக்கில் ஊற்றிய எண்ணெயின் இனந்தான், கொஞ்சம் சுத்திகரித்தது. இயந்திரங்களைச் செய்தவர் குளுஷ்கோ. 1938இல் அடி தாங்காமல் கொரோல்யோவின் பெயரைச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். இருவரும் பின்னர் கசானில் ஒரே சிறையில் வேலை செய்தவர்கள். வெளியே வந்தும் பல வருடங்கள் ஒன்றாக உழைத்தார்கள். முற்றாகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1960களில் சந்திர ரொக்கட்டுக்கு எந்த எரிபொருள் என்ற சண்டையில் அவர்கள் பிரிந்தே போனார்கள்.

1957 ஆகஸ்டில் ஆர்-7 நெடுந்தூரம் பறந்தது. குண்டுக்குப் பதிலாக ஒரு சின்னப் பந்தை வைத்து அனுப்பினால் என்ன என்று கொரோல்யோவ் மேலிடத்தை வற்புறுத்தி அனுமதி வாங்கினார். 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி ஸ்புட்னிக் பூமியைச் சுற்றத் தொடங்கியது. 58 சென்றிமீற்றர் குறுக்களவு, 83.6 கிலோ எடை, நான்கு அன்ரெனாக்கள். அதன் "பீப், பீப்" சத்தத்தை உலகம் முழுவதும் வானொலியில் கேட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று அரசு எழுத்தில் ஏற்றுக்கொண்டதும் அதே வருடந்தான், சில மாதங்களுக்கு முன்னர்.

நோபல் பரிசுக் குழுவினர் ஸ்புட்னிக்கைச் செய்தவர் யார் என்று விசாரித்ததாகவும், அதைச் செய்தது சோவியத் மக்கள் அனைவரும்தான் என்று குருஷ்சேவ் பதில் அனுப்பியதாகவும் ஒரு கதை உண்டு. பத்திரிகையில் கட்டுரை எழுதினாலும் "பேராசிரியர் சேர்கேயெவ்" என்ற புனைபெயரில்தான் எழுத வேண்டும். அமெரிக்க உளவாளிகள் அவரைக் கொன்றுவிடுவார்கள் என்பது அரசு சொன்ன காரணம். தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. அணிந்துகொண்டு வெளியே போக முடியாது.

108 நிமிடங்கள்

மனிதனை அனுப்புமுன் நாய்களை அனுப்பினார்கள். 1960 ஜூலையில் இரண்டு நாய்களோடு ரொக்கட் வெடித்தது. ஆகஸ்டில் பெல்க்கா, ஸ்திரெல்க்கா இரண்டும் பத்திரமாகத் திரும்பின. டிசம்பரில் மீண்டும் இரண்டு நாய்கள் அழிந்தன. அடுத்த வருடம் மார்ச்சில் பொம்மை மனிதனை வைத்த இரண்டு பயணங்கள் சரியாக முடிந்தன. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் கொரோல்யோவ் 27 வயதுப் பையன் ஒருவனை உச்சியில் ஏற்ற வேண்டியிருந்தது. ககாரினுக்கும் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். இளையவள் ஒரு மாதக் குழந்தை.

எடையில்லாத நிலையில் மனிதனுக்குப் புத்தி பேதலித்தால் என்ன செய்வது என்று வைத்தியர்கள் பயந்தார்கள். ஆகவே விண்கலத்தைக் கையால் இயக்கும் முறையைப் பூட்டி, அதன் இரகசிய எண்ணை ஓர் உறையில் ஒட்டி வைத்தார்கள். தேவைப்பட்டால் உறையைக் கிழித்து எண்ணைப் படிக்கலாம், படிக்க முடிந்தால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் புறப்படுமுன் கொரோல்யோவ் உட்படச் சிலர் தனித்தனியே ககாரினின் காதில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டார்கள்: 1, 2, 5. சட்டத்தை எழுதியவர்களே அதை மீறினார்கள். மகனைத் தூர ஊருக்கு அனுப்பும் தாய் சட்டைப் பைக்குள் இரகசியமாகக் காசு வைப்பதைப் போன்ற காரியம் இது.

1961 ஏப்ரல் 12ஆம் திகதி காலை. கஸக்ஸ்தான் புல்வெளியிலுள்ள பைக்கனூர் ஏவுதளம். கொரோல்யோவ் முதல்நாள் இரவு சரியாக உறங்கவில்லை. நிலவறையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ககாரினோடு பேசியவர் அவர்தான். அங்கேயும் பெயர் இல்லை. ககாரினுக்கு "தேவதாரு", தலைவருக்கு "விடியல்". பதிவு செய்யப்பட்ட அந்த உரையாடலில் இரண்டு புனைபெயர்களும் மாறி மாறிக் கேட்கின்றன.

விண்கலத்தில் 10 நாட்களுக்கு உணவு இருந்தது. வேகத்தைக் குறைக்கும் இயந்திரம் வேலை செய்யாவிட்டாலும் மெல்லிய காற்றின் உராய்வினால் சுமார் 10 நாட்களில் கலம் தானாகவே கீழிறங்கிவிடும் என்பது கணக்கு. ஆனால் ரொக்கட் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டதால் கலம் குறித்ததை விட உயரத்துக்குப் போய்விட்டது. அந்த உயரத்திலிருந்து 10 நாட்களில் இறங்கியிருக்காது. நல்லவேளை, இயந்திரம் வேலை செய்தது. பின்னர் கலத்தின் இரண்டு பாகங்கள் உரிய நேரத்தில் பிரியாமல் சுமார் 10 நிமிடங்கள் சுழன்றன. எல்லாம் கடந்து, 108 நிமிடங்களில் பயணம் முடிந்தது.

7 கிலோமீற்றர் உயரத்தில் ககாரின் கலத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, தனிப் பரசூட்டில் சரத்தோவ் மாகாணத்து வயல் ஒன்றில் இறங்கினார். விண்வெளியிலிருந்து வந்த முதல் மனிதனைப் பூமியில் முதலில் கண்டவர்கள் யார் தெரியுமா? வயலில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த ஒரு தத்தார் இனப் பாட்டியும் அவருடைய சின்னப் பேத்தியும். செம்மஞ்சள் உடையும் வெள்ளைத் தலைக்கவசமுமாக வானத்திலிருந்து இறங்கி வந்தவரைக் கண்டு இருவரும் ஓடப் பார்த்தார்கள். நானும் உங்களவன்தான், பயப்படாதீர்கள் என்று ககாரின் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கலத்துக்குள் இல்லாமல் பரசூட்டில் இறங்கியதைக்கூட அரசு பல வருடங்கள் மறைத்தது.

இரண்டு நாள் கழித்து மொஸ்கோ செஞ்சதுக்கத்தில் பெருவிழா. குருஷ்சேவின் பக்கத்தில் ககாரின் மேடையில் நின்று கை அசைத்தார். தலைமை வடிவமைப்பாளருக்கு அந்த மேடையில் இடமிருக்கவில்லை.

1963 ஜூன் 16ஆம் திகதி அவருடைய கலத்தில் ஒரு பெண் ஏறினார். வலன்டீனா தெரெஷ்கோவாவைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தந்தை யுத்தத்தில் இறந்துவிட, தாய் துணி ஆலையில் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். வலன்டீனாவும் ஆலையில் வேலை செய்தவர்தான். 26 வயதில் மூன்று நாட்களுக்குச் சற்றுக் குறைவாக, 48 தடவைகள் பூமியைச் சுற்றினார். அதுவரை அமெரிக்க வீரர்கள் எல்லோரும் விண்வெளியில் கழித்த நேரத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. கலம் கீழே இறங்குவதற்குப் பதிலாக மேலே போகும்படி நிரல் பிழையாக அமைந்திருந்ததை அவர் கண்டுபிடித்துத் தரைக்கு அறிவித்தார், திருத்தினார்கள். இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கொரோல்யோவ் கேட்டுக்கொண்டார். தெரெஷ்கோவாவும் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. இதற்கிடையில் அந்தப் பயணத்தில் அவர் சரியாகச் செயற்படவில்லை என்று ஆண்கள் சிலர் எழுதி வந்தார்கள். பெயர் மறைக்கப்பட்டதால் வேதனைப்பட்ட ஒரு மனிதர், இன்னொருவருடைய நியாயத்தை மறைக்கச் சொன்னது எனக்கு விளங்கவில்லை. அவர் கோபக்காரர், பிடிவாதக்காரர். எல்லோர் முன்னிலையிலும் திட்டிவிட்டு மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் பேசுவார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

1965 மார்ச்சில் லியோனோவ் கலத்தை விட்டு வெளியே வந்து சுமார் 12 நிமிடங்கள் விண்வெளியில் மிதந்தார். கொரோல்யோவ் உயிரோடிருந்து பார்த்த கடைசி சோவியத் மனிதப் பயணம் அதுதான்.

16ஆம் திகதிப் பத்திரிகை

1966 ஜனவரியில், சிறிய சத்திரசிகிச்சை என்று சொல்லி மொஸ்கோ வைத்தியசாலையில் சேர்ந்தார். அவருடைய சட்டைப் பையில் அதிர்ஷ்டத்துக்கு என்று இரண்டு கொப்பெக் நாணயங்கள் எப்போதும் இருக்குமாம். அன்று தேடியும் கிடைக்கவில்லை என்று வீட்டார் பின்னர் நினைவுகூர்ந்தார்கள். சுகாதார அமைச்சரும் பிரபல வைத்தியருமான பெத்ரோவ்ஸ்கியே சத்திரசிகிச்சை செய்தார். உள்ளே பெரிய கட்டி இருந்தது, யாரும் எதிர்பார்க்கவில்லை. நேரம் நீண்டது. சிறைக்காலத்தில் பழுதடைந்த தாடையினால் மூச்சுக் குழாயைத் தொண்டைக்குள் செலுத்துவதும் கஷ்டமாயிற்று என்று சொல்லப்படுகிறது. இதயம் தாங்கவில்லை. ஜனவரி 14ஆம் திகதி, 59 வயது பூர்த்தியாகி இரண்டாம் நாள், அவர் மரணித்தார்.

16ஆம் திகதி பிராவ்தா பத்திரிகையில் அவருடைய பெயரும் படமும் ஒன்றாக வெளிவந்தன, பதக்கங்கள் எல்லாவற்றோடும். அஸ்தியைக் கிரெம்ளின் மதிலில் வைத்தபோது ககாரின் உரையாற்றினார். முதல் தடவையாக உலகத்துக்குக் கேட்க அந்தப் பெயரைச் சொன்னார்.

அவருடைய ஆர்-7 ரொக்கட்டின் வழிவந்த சோயுஸ் இன்றும் மனிதர்களை விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் செல்கிறது. 2011 முதல் 2020 வரை அமெரிக்கர்களுக்கும் அதைவிட்டால் வேறு வழியில்லாமல் இருந்தது. அவர் வேலை செய்த நகரத்துக்கு 1996இல் அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.

தாய் மரியா நிக்கோலாயெவ்னா மகனுக்குப் பிறகு 14 வருடங்கள் வாழ்ந்து, 1980இல் தொண்ணூறைக் கடந்த வயதில் காலமானார். 1966ஆம் ஆண்டின் அந்த இரங்கல் செய்தியில் மகன் கட்டிய ரொக்கட்டுகள் இருந்தன, பட்டங்கள் இருந்தன. கொலிமாவைப் பற்றியோ, சிறையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆறு வருடங்களைப் பற்றி அவருடைய நாட்டில் வெளிப்படையாக எழுத முடிந்தது 1980களின் பிற்பகுதியில்தான். அதற்குப் பின்னரே, அந்தத் தாய் எழுதிய கடிதங்களை மற்றவர்கள் வாசித்தார்கள்.